டெல்லிக்குக் காரில் போக எந்த வழி நல்லது?

சென்னையிலிருந்து டெல்லிக்கு வழி கேட்டுப் போனில் வரைபடத்தைத் திறந்தால் இரண்டு மூன்று கோடுகள் வந்து நிற்கும். ஒவ்வொன்றின் மேலும் ஒரு மணிக்கணக்கு இருக்கும். எது குறைவோ அதைத் தொட்டுவிட்டுக் கிளம்புவதுதான் பலர் வழக்கம். திருச்சிக்கோ மதுரைக்கோ போக அது போதும். 2,200 கி.மீ. பயணத்துக்குப் போதாது. அந்த மணிக்கணக்கில் சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை, பங்க்கில் நிற்கும் நேரம் இல்லை, பின் சீட்டில் குழந்தைக்கு வாந்தி வந்தால் ஓரம் கட்டும் நேரமும் இல்லை. எந்த இடத்தை வெளிச்சத்தில் கடப்பீர்கள், எதை இருட்டில் கடப்பீர்கள் என்பதும் அந்தக் கணக்கில் வராது.

அதனால் நீண்ட பயணத்துக்கு வழி பார்க்கும்போது சாலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் இரவுத் தங்கலைப் பாருங்கள். முதல் நாள் பொழுது சாயும்போது எந்த ஊரில் இருப்போம்? இரண்டாம் நாள் எங்கே? மூன்றாம் நாள்? இந்த ஊர்கள் சரியாக அமைந்துவிட்டால் எந்தச் சாலை என்ற கேள்விக்குப் பாதி விடை வந்துவிடும். சென்னை–டெல்லி பயணத்தையே எடுத்துக்கொண்டு இதைப் பார்ப்போம்.

என்னென்ன வழிகள் உண்டு?

முதலாவது, நடுவழி. சென்னை, நெல்லூர், ஐதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா, டெல்லி. சுமார் 2,200 கி.மீ. ஐதராபாத்துக்குப் பிறகு கடைசி வரை தேசிய நெடுஞ்சாலை 44தான். கன்னியாகுமரியில் தொடங்கி ஸ்ரீநகர் வரை 3,700 கி.மீ.க்கு மேல் ஓடும் இதுவே நாட்டின் மிக நீளமான நெடுஞ்சாலை. மதுரை, சேலம் பக்கத்துக்காரர்கள் வீட்டுக்கு அருகிலேயே இதில் ஏறி ஓசூர், பெங்களூர், கர்னூல் வழியாக ஐதராபாத் போய்ச் சேரலாம்.

இரண்டாவது, மேற்கு வழி. சென்னை, பெங்களூர், புனே, மும்பை, வதோதரா, உதய்ப்பூர், ஜெய்ப்பூர், டெல்லி. இது தேசிய நெடுஞ்சாலை 48. தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தின் கணக்குப்படி சென்னை–மும்பை 1,290 கி.மீ., மும்பை–டெல்லி 1,419 கி.மீ. கூட்டினால் 2,709. நடுவழியைவிட 500 கி.மீ. அதிகம், அதாவது ஒரு முழு நாள் அதிகம். கோலாப்பூர், புனே, உதய்ப்பூர், ஜெய்ப்பூர் என்று பார்த்துக்கொண்டே போக நினைப்பவர்களுக்கு அந்த ஒரு நாள் வீணில்லை. டெல்லியில் வேலை இருப்பவர்களுக்கு வீண்.

மூன்றாவது, நாக்பூரில் பிரியும் கிளை. அங்கிருந்து பேதுல், போபால், குவாலியர் என்று போய் ஆக்ராவுக்கு முன்னால் மறுபடி 44-ஐப் பிடிக்கலாம். பீம்பேட்கா குகை ஓவியங்களும் சாஞ்சி ஸ்தூபமும் இந்தப் பக்கம்தான். போபாலில் ஓர் இரவு தங்க மனம் இருந்தால் இதை எடுக்கலாம்.

காசிக்குப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. நாக்பூரைத் தாண்டி லக்னாதோன் என்ற ஊரில் 44 இடப்புறமாக நரசிங்பூர் நோக்கித் திரும்பும். ஜபல்பூர், ரேவா வழியாகக் காசிக்குப் போகும் சாலை அங்கேதான் பிரிகிறது. 2010இல் எண்களை மாற்றும் வரை காசி முதல் கன்னியாகுமரி வரை ஒரே எண்தான் இருந்தது: பழைய ஏழாம் எண் நெடுஞ்சாலை. பெரியவர்கள் இன்னும் அந்தப் பெயரில்தான் வழி சொல்வார்கள்.

தூரத்தை விட்டுவிட்டு மணியை எண்ணுங்கள்

நான்கு வழிச் சாலையில் வண்டி 90-ல் போனாலும், நிற்கும் நேரத்தையும் சேர்த்து நாள் முழுவதையும் வகுத்துப் பார்த்தால் மணிக்கு 55 முதல் 60 கி.மீ. வரைதான் தேறும். மேம்பாலம் கட்டும் இடத்தில் சர்வீஸ் ரோட்டுக்கு இறக்கிவிடுவார்கள். ஒரு லாரியை இன்னொரு லாரி முந்துவதற்குள் பின்னால் இருபது வண்டி சேர்ந்துவிடும். இதையெல்லாம் கணக்கில் கொண்டு, இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டினால் ஒரு நாளைக்கு 10 மணி நேரம், 550 முதல் 600 கி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். ஒருவரே ஓட்டுவதானால் 400 முதல் 450க்குள் நிறுத்திக்கொள்வது நல்லது.

இந்த அளவில் நடுவழியை வெட்டிப் பார்த்தால்:

முதல் நாள்: சென்னை – ஐதராபாத், சுமார் 630 கி.மீ.
இரண்டாம் நாள்: ஐதராபாத் – நாக்பூர், சுமார் 500 கி.மீ.
மூன்றாம் நாள்: நாக்பூர் – ஜான்சி, சுமார் 600 கி.மீ.
நான்காம் நாள்: ஜான்சி – டெல்லி, சுமார் 440 கி.மீ.

எல்லாம் பெரிய ஊர்கள், விடுதிக்குப் பஞ்சமில்லை. நடுவழி பலருக்கும் ஒத்துவருவதற்கு இதுவே முதல் காரணம். நாளுக்கு ஒன்றாகப் பெரிய ஊர் சரியான இடைவெளியில் வந்து நிற்கிறது.

முதல் நாளே ஒரு சின்னத் தேர்வு வரும். ஐதராபாத்துக்கு விஜயவாடா போய்த் திரும்பலாம், ஆனால் அது சுற்று. ஓங்கோலைத் தாண்டி மேதரமெட்லாவில் இடப்புறம் திரும்பி அத்தங்கி, மிரியாலகுடா, நல்கொண்டா வழியாக நார்கட்பள்ளிக்குப் போகும் நான்கு வழி மாநிலச் சாலையும் உண்டு. 630 கி.மீ. என்ற கணக்கு இந்த வழிக்குத்தான். விஜயவாடா சுற்றுக்கு ஏறக்குறைய 90 கி.மீ. கூடும், ஆனால் கனகதுர்க்கை கோவிலும் வசதியான ஓட்டல்களும் உண்டு.

பெரிய ஊரில் தங்குவது என்றால் ஊருக்கு நடுவில் தங்குவது என்று பொருளில்லை. சாயங்காலம் ஆறரை மணிக்கு ஐதராபாத் எல்.பி.நகர் பக்கம் மாட்டினால் அன்று மிச்சம் பிடித்த ஒரு மணி நேரம் அங்கேயே போய்விடும். 158 கி.மீ. நீள வெளிவட்டச் சாலையில் பெத்த அம்பர்பேட்டையில் ஏறி மேட்சல் பக்கம் இறங்கினால் நகரத்துக்குள் நுழையாமலே நாக்பூர் சாலைக்கு வந்துவிடலாம். இரவு மேட்சல் பக்கம் தங்கினால் மறுநாள் காலை கண் விழித்ததுமே நெடுஞ்சாலை. பெங்களூர் வழியாக வருகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான்: ஓசூரில் தங்கி, விடியும் முன் கிளம்பி சில்க் போர்டையும் ஹெப்பாளையும் கடந்துவிட வேண்டும். எட்டு மணிக்கு அந்த இரண்டு இடத்தையும் தாண்ட நினைப்பவர்கள் காலை உணவைக் காரிலேயே சாப்பிடத் தயாராக இருக்க வேண்டும்.

மூன்றாம் நாளைக் கொஞ்சம் கிட்டே பார்த்தால்

நான்கு நாளில் கடினமானது நாக்பூர்–ஜான்சி. காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் ஏழு மணிவாக்கில் பெஞ்ச் காடு. புலிகள் காப்பகத்தைக் கிழித்துக்கொண்டு போகும் சாலை என்பதால், மகாராஷ்டிரப் பக்கத்தில் ஒன்பது இடங்களில் சாலையை உயர்த்தி, விலங்குகள் அடியில் கடந்துபோக வழி விட்டிருக்கிறார்கள். அவற்றில் மிக நீளமானது 750 மீட்டர். எல்லை தாண்டி மத்தியப் பிரதேசத்துக்குள் போனால், வண்டிச் சத்தமும் விளக்கு வெளிச்சமும் காட்டுக்குள் போகாதபடி ஓரத்தில் உயரமான தடுப்புகள். இங்கே நின்று செல்ஃபி எடுக்கக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து சிவனி. மத்தியப் பிரதேசத்தின் காலை உணவு போஹாவும் ஜிலேபியும். போஹா நம் அவல் உப்புமா போலத்தான் இருக்கும். இட்லி தேடி அரை மணி அலைவதைவிட அதைச் சாப்பிட்டுக் கிளம்பலாம். லக்னாதோனில் நரசிங்பூர் பலகையைப் பார்த்துத் திரும்பி, நர்மதையைக் கடந்து, சாகரை எட்டும்போது மதியம் ஒரு மணியை ஒட்டியிருக்கும். இங்கேதான் அன்றைய முடிவை எடுக்க வேண்டும். ஜான்சிக்கு இன்னும் 200 கி.மீ. இருக்கிறது. இரண்டு மணிக்குள் சாகரை விட்டுக் கிளம்ப முடிந்தால் வெளிச்சத்திலேயே ஜான்சி. மூன்றரை ஆகிவிட்டதென்றால் லலித்பூரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஒவ்வொரு நாளுக்கும் இப்படி ஒரு சாகர் இருக்க வேண்டும். நினைத்த ஊருக்குப் போய்ச் சேர முடியாவிட்டால் எங்கே ஒதுங்குவது என்பது காலையிலேயே தெரிந்திருந்தால், ராத்திரி ஒன்பது மணிக்குக் கண் சொக்கிக்கொண்டே 'இன்னும் எண்பது கிலோமீட்டர்தானே' என்று ஓட்டும் நிலைமை வராது. ஜான்சிக்குச் சீக்கிரமே வந்துவிட்டால் பக்கத்தில் பேத்வா நதிக்கரையில் இருக்கும் ஓர்ச்சாவில் தங்கலாம். கோட்டையும் கோபுரங்களும் மாலை வெயிலில் பார்க்க வேண்டியவை.

மாதத்துக்கு மாதம் வழி மாறும்

ஜனவரியில் நல்ல வழி நவம்பரில் நல்ல வழியாக இருக்க வேண்டியதில்லை.

அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் நடு வரை வடகிழக்குப் பருவமழை. சென்னை–நெல்லூர்–ஓங்கோல் சாலை கடலோரத்தை ஒட்டியே போவதால் புயல் வந்தால் முதலில் அடிபடுவது அதுதான். 2021 நவம்பரில் பெண்ணையாற்று வெள்ளத்தில் நெல்லூர் அருகே நெடுஞ்சாலையே அறுந்து போக்குவரத்து நின்றது. புயல் எச்சரிக்கை இருந்தால் யோசிக்காமல் வேலூர், கிருஷ்ணகிரி, பெங்களூர் வழியாக ஐதராபாத் போய்விடலாம். தூரம் கூடும், ஆனால் கடலோரத்தை விட்டு விலகிவிடுவீர்கள்.

டிசம்பர் கடைசியும் ஜனவரியும் வட இந்தியாவில் மூடுபனிக் காலம். குவாலியருக்கு வடக்கே காலை ஒன்பது, பத்து மணி வரை முன்னால் போகும் வண்டியின் விளக்குகூடத் தெரியாத நாள்கள் உண்டு. ஆக்ராவிலிருந்து டெல்லிப் பக்கம் போகும் 165 கி.மீ. யமுனா விரைவுச் சாலையில் பனிக்காலத்தில் கார்களுக்கான வேக வரம்பை 100இலிருந்து 75 ஆகக் குறைக்கிறார்கள் என்றால் எவ்வளவு ஆபத்து என்று புரியும். அந்த நாள்களில் டெல்லியில் சூரியன் உதிக்கவே ஏழு மணி தாண்டும், ஆறு மணிக்குள் மறைந்துவிடும். விடியும் முன் கிளம்பும் நம் ஊர் வழக்கம் இங்கே எதிர்மறையாக வேலை செய்யும். அதனால் பனிக்காலத்தில் தங்கல்களை மாற்ற வேண்டும்: மூன்றாம் நாள் சாகர், நான்காம் நாள் ஆக்ரா, ஐந்தாம் நாள் பத்து மணிக்கு மேல் கிளம்பி டெல்லி. சாலை மாறவில்லை, ஊர்கள் மாறியிருக்கின்றன.

ஏப்ரல் நடு முதல் ஜூன் நடு வரை நாக்பூர், ஜான்சி பக்கம் வெயில் 45 டிகிரியைத் தாண்டும். தேய்ந்த டயரும் கொதிக்கும் சாலையும் சேர்ந்தால் டயர் வெடிக்கும். அந்த மாதங்களில் அதிகாலை ஓட்டமும், மதியம் மூன்று மணி நேர ஓய்வும் நல்லது. ஜூலை, ஆகஸ்ட் மழையில் மத்தியப் பிரதேசத்து மாடுகள் ஈரமில்லாத இடம் தேடி இரவில் நெடுஞ்சாலையில் வந்து படுத்துக்கொள்ளும். கறுப்புத் தாரில் கறுப்பு எருமை. இருட்டிய பிறகு அங்கே ஓட்ட வேண்டாம் என்பதற்கு வேறு காரணம் தேவையில்லை. மேற்கு வழியில் போகிறவர்கள் நவம்பருக்கு மேல் கோலாப்பூர், சாத்தாரா பக்கம் பின்விளக்கு இல்லாத கரும்பு டிராக்டர்களை எதிர்பார்க்கலாம்.

சிறந்த காலம் பிப்ரவரி முதல் மார்ச் நடு வரை. பனி விலகியிருக்கும், வெயில் ஏறியிருக்காது.

எண்ணைப் பார்த்தால் திசை தெரியும்

2010இல் வந்த எண் முறையில் ஓர் ஒழுங்கு உண்டு. தெற்கு–வடக்காகப் போகும் தேசிய நெடுஞ்சாலைகளுக்கு இரட்டைப்படை எண். கிழக்கிலிருந்து மேற்கே போகப் போக எண் கூடும். சென்னை–கொல்கத்தா சாலை 16, நடுவில் 44, அதற்கு மேற்கே 48, மேற்குக் கடற்கரையில் 66. கிழக்கு–மேற்காகப் போகும் சாலைகளுக்கு ஒற்றைப்படை எண். வடக்கிலிருந்து தெற்கே வர வர எண் கூடும். லடாக்கில் 1, ராமேஸ்வரத்தில் 87. மூன்று இலக்க எண் என்றால் கிளைச்சாலை. கடைசி இரண்டு இலக்கம் தாய்ச் சாலையைச் சொல்லும். சேலம்–கொச்சி 544, 44இன் கிளை.

சிக்னல் இல்லாத இடத்தில் இது கை கொடுக்கும். டெல்லிக்குப் போகிறவர் ஒற்றைப்படை எண்ணில் நெடுநேரம் போய்க்கொண்டிருந்தால் நிறுத்தி விசாரிக்க வேண்டும். மைல்கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை. பச்சையாக இருந்தால் மாநிலச் சாலை. 'பத்து நிமிடம் மிச்சம்' என்று போன் உங்களைத் திருப்பிவிட்ட பிறகு மஞ்சள் கல் மறைந்து பச்சை வந்தால், சாலை குறுகப் போகிறது என்று எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

இரவில் மூடும் சாலைகள்

சில சாலைகள் இரவில் திறந்தே இருப்பதில்லை. கோவையிலிருந்து சத்தியமங்கலம், திம்பம் வழியாகக் கர்நாடகம் போகும் சாலையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். புலிகள் காப்பகம் என்பதால் நீதிமன்ற உத்தரவுப்படி 2022 முதல் இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை கார்களும் போக முடியாது. பந்திப்பூர் வழியாக மைசூர் பக்கம் போகும் சாலைகளிலும் இரவுத் தடை பல ஆண்டுகளாக இருக்கிறது. கோவைக்காரர்கள் வடக்கே கிளம்ப சேலம், கிருஷ்ணகிரி வழியே கவலையற்றது.

போகும் வழியையே திரும்பும் வழியாகக் கொள்வதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே தொப்பூர் கணவாய். வடக்கே போகும்போது அது ஏற்றம், சிரமமில்லை. திரும்பி வரும்போது நீண்ட இறக்கம். பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் மோதி அடிக்கடி விபத்து நடக்கும் இடம். பல நாள் ஓட்டிய அசதியோடு, வீடு நெருங்கிவிட்ட அவசரத்தோடு அங்கே இரவில் இறங்காமல் இருப்பது நல்லது. திரும்பும் பயணத்துக்கும் தனியாகத் தங்கல் பட்டியல் போட வேண்டும்.

சுங்கமும் பெட்ரோலும்

தனியார் கார்களுக்கு 2025 ஆகஸ்ட் 15 முதல் ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் வந்திருக்கிறது. அறிமுகமானபோது கட்டணம் ரூ.3,000. அதைக் கட்டினால் ஓராண்டு அல்லது 200 முறை சுங்கச்சாவடி கடக்கலாம்; எது முதலில் முடிகிறதோ அதுவரை. டெல்லி போய்வரும் அளவுக்கு ஓட்டுகிறவர்களுக்கு இது லாபம். ஆனால் தேசிய நெடுஞ்சாலைகளுக்கும் தேசிய விரைவுச் சாலைகளுக்கும் மட்டுமே செல்லும். அத்தங்கி–நார்கட்பள்ளி சாலை, ஐதராபாத் வெளிவட்டம், மும்பை–புனே விரைவுச் சாலை, யமுனா விரைவுச் சாலை ஆகியவை மாநிலங்களின் கையில் இருப்பவை. அங்கே ஃபாஸ்டேக் கணக்கில் தனியாகப் பணம் இருக்க வேண்டும்.

சென்னையைவிட ஆந்திரத்தில் பெட்ரோல் விலை அதிகம். கும்மிடிப்பூண்டி தாண்டுவதற்குள் டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். பழைய டீசல் கார் வைத்திருப்பவர்கள் ஆர்.சி. புத்தகத்தையும் ஒருமுறை பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் டெல்லிக் காற்று மிக மோசமாகும் நாள்களில் பி.எஸ்.3 பெட்ரோல், பி.எஸ்.4 டீசல் கார்களுக்கு அங்கே கட்டுப்பாடு வரும். 2020 ஏப்ரலுக்கு முன் வாங்கிய டீசல் கார் என்றால் கிளம்பும் வாரத்தில் டெல்லிச் செய்தியைப் பாருங்கள்.

பைக்கில் போகிறவர்களுக்கு வழியே கொஞ்சம் வேறு. ஐதராபாத் வெளிவட்டம், நாக்பூர்–மும்பை சம்ருத்தி சாலை, டெல்லி–மும்பை விரைவுச் சாலை போன்றவற்றில் இரு சக்கர வாகனங்களுக்கு அனுமதி இல்லை. வரைபடத்தில் கார் வழியைப் பார்த்துத் திட்டம் போட்டால் நுழைவாயிலில் திருப்பி அனுப்புவார்கள். நாளுக்கு 400 கி.மீ. என்று வைத்து ஐந்தாறு தங்கல்களாகப் பிரித்துக்கொள்ளலாம்.

கிளம்பும் முன்

ஒரு தாளில் நாளுக்கு ஒரு வரி எழுதுங்கள்: கிளம்பும் நேரம், மதியம் முடிவெடுக்கும் ஊர், இரவு ஊர், அது கைகூடாவிட்டால் ஒதுங்கும் ஊர். ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும். வழி முழுவதற்குமான வரைபடத்தைப் போனில் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் 1033, வேறு எந்த அவசரத்துக்கும் 112. வழியில் தாபாவில் டி.என். 28, டி.என். 34 எண் போட்ட வண்டிகளைப் பார்த்தால் அது நாமக்கல் லாரியோ திருச்செங்கோட்டு ரிக் வண்டியோ ஆக இருக்கும். வணக்கம் சொல்லி, 'அண்ணே, முன்னாடி ரோடு எப்படி இருக்கு?' என்று கேளுங்கள். அன்று காலை அந்தச் சாலையில் எதிர்த்திசையிலிருந்து வந்தவருக்குத் தெரிந்தது எந்தச் செயலிக்கும் தெரியாது.

முதல் முறையாகக் குடும்பத்தோடு போகிறவர் எந்த வழி என்று கேட்டால் பதில் இது: பிப்ரவரியில், நடுவழியில், நான்கு நாளை ஐந்தாக்கி, நாக்பூருக்கும் டெல்லிக்கும் நடுவே சாகரிலும் ஆக்ராவிலும் தங்கிப் போங்கள். இரண்டாம் முறை போகும்போது மேற்கு வழியைப் பார்க்கலாம். அப்போதும் முதலில் எழுத வேண்டியது சாலையின் எண் அல்ல, முதல் நாள் இரவு தங்கும் ஊரின் பெயர்.